ஓசூர் சாலையில் ஏறும் முன்: காரின் ஸ்டியரிங் கோளாறுகளை அறியும் வழி

வெள்ளிக்கிழமை மாலைகளிலும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய நாள்களிலும் பெங்களூரிலிருந்து ஓசூர் சாலை வழியே தமிழகம் நோக்கிச் செல்லும் கார்களின் வரிசையை நம் வாடிக்கையாளர்கள் நன்கறிவர். அவ்வரிசையில் அவர்களுள் பலரும் இருப்பர். சேலம், ஈரோடு, மதுரை, சென்னை எனப் போகும் ஊர்கள் வேறுபட்டாலும் அக்கார்களின் வாரநாள் வாழ்க்கை ஒன்றே. சில்க் போர்டு சந்திப்பிலும் வெளிவட்டச் சாலையிலும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து, குழிகளில் இறங்கி, அளவு தப்பிய வேகத்தடைகளில் ஏறிக் குதித்து ஐந்து நாள்களைக் கழித்த அதே கார், ஆறாம் நாள் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது.

ஸ்டியரிங் கோளாறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இந்த வேறுபாட்டைத்தான் முதலில் கருத வேண்டும். கோளாற்றை உண்டாக்குவது நகரச் சாலை. அதை மறைத்து வைப்பதும் நகரச் சாலையே. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ரிம் ஒன்று சற்றே வளைந்திருப்பதோ, இணைப்பு ஒன்று தளர்ந்திருப்பதோ கைக்குத் தெரிவதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிச் சீரான வேகத்தைப் பிடித்த பிறகே ஸ்டியரிங்கில் முதல் நடுக்கம் தெரிகிறது. அப்போது காரில் குடும்பம் முழுவதும் அமர்ந்திருக்கிறது. டிக்கியில் பெட்டிகள் நிறைந்திருக்கின்றன. ஊர் இன்னும் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. திரும்பிப் போவோம் என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

இன்னொரு வகையிலும் இங்கே இழப்பு நேர்கிறது. ஸ்டியரிங்கில் தெரியும் கோளாறுகளுள் பல, ஸ்டியரிங் அமைப்பில் பிறந்தவை அல்ல. டயரிலோ பிரேக்கிலோ பேட்டரியிலோ பிறந்து, ஓட்டுநரின் கைக்கு ஸ்டியரிங் வழியாக வந்து சேர்பவை அவை. காற்றழுத்தத்தைச் சரிசெய்தால் தீர்ந்துபோகும் குறைக்கு ஸ்டியரிங் ராக்கையே மாற்றிவிட்டு, குறை அப்படியே இருப்பதைக் கண்டு திகைப்போர் உண்டு. ஆகவே மலிவான காரணத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, விலை மிகுந்த காரணத்தை இறுதியில் அணுகும் முறையையே நாம் இங்கே விளக்க விரும்புகிறோம்.

சக்கரம் திரும்பும் விதம்

நம் ஊர்க் கோயில் தேருக்கு ஸ்டியரிங் இல்லை. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறுபக்கத்தை நகரவிட்டுத்தான் வீதி முனையில் தேரைத் திருப்புகின்றனர். அது திரும்பும்போது சக்கரங்கள் தரையில் அரைபட்டு எழுப்பும் ஓசையைக் கேட்டவர்களுக்கு, வண்டி வளையும்போது எல்லாச் சக்கரங்களும் ஒரே வகையாக நகர முடியாது என்னும் உண்மையை விளக்க வேண்டியதில்லை. வளைவின் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்ல வேண்டும். ஆகவே உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிகளுக்காக மியூனிக் நகர வண்டி வினைஞர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் வகுத்த இந்த ஏற்பாட்டிற்கு, அவருடைய முகவர் ருடால்ப் ஆக்கர்மன் 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். செய்தவர் பெயர் மறைந்து, பதிந்தவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்றைய கார்களும் அதே கொள்கையைச் சார்ந்தே திரும்புகின்றன.

இன்றைய கார்களுள் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் தண்டின் அடியிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம் சுழல்கிறது. அது ராக் என்னும் பற்கள் வெட்டிய நீண்ட தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. ராக்கின் இரு முனைகளிலும் டை ராட் என்னும் கம்பிகள் உள்ளன. அவற்றின் கடைசியிலுள்ள உருண்டை மூட்டான டை ராட் எண்டு, சக்கரத்தைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. சக்கரத்தைக் காரோடு பிணைத்திருக்கும் லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ்கள் ஆகியவையும் இதில் பங்குகொள்கின்றன. குழியில் விழும் அடி முதலில் டயரிலும் ரிம்மிலும் பட்டு, பின்னர் இம்மூட்டுகளைத் தாக்குகிறது. ராக்கை அது அடைவது கடைசியில்தான். கோளாறு தேடும் வரிசையும் அதுவாகவே இருத்தல் நன்று.

டயரிலிருந்து தொடங்குக

நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் காலையில், கார் ஓடிச் சூடேறும் முன், பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பிடிப்பவரின் வழக்கமான எண்ணை அதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். முன்னிரு டயர்களுள் ஒன்றில் காற்றுக் குறைந்தால் கார் அந்தப் பக்கமாக இழுக்கும். இரண்டிலும் குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும். இரு பெரிய குறைகளுக்கான விடை சில நேரங்களில் இவ்வளவு எளிது.

அடுத்து, டயரின் தேய்மானத்தைப் படிக்க வேண்டும். படிக்க என்று நாம் சொல்வது சற்றும் மிகையன்று. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வோ நேர்கோடோ பிறழ்ந்திருக்கிறது. உள்ளங்கையை டயரின் மீது குறுக்காக இருபுறமும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம்போல் பிறாண்டுவதாகவும் இருந்தால், சக்கரங்கள் நேராக ஓடாமல் பக்கவாட்டில் அரைபடுகின்றன என்று பொருள். ஆங்காங்கே பள்ளம் விழுந்தாற்போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ ஐயுற வேண்டும். உட்புற ஓரத்தைக் காண ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். வெளியே புதிதுபோல் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரியும்வரை தேய்ந்திருப்பதுண்டு. பக்கச் சுவரில் வீக்கம் தெரிந்தால் ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அந்த டயர் நெடுஞ்சாலைக்கு உரியதன்று.

ஒரு பக்கம் இழுக்கிறதா?

சமமான சாலையில் ஸ்டியரிங்கை மிக இலேசாகப் பிடித்தால் கார் எங்கே செல்ல விரும்புகிறது என்பது தெரியும். சாலைகள் மழைநீர் வடியும் பொருட்டு நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால், இடப்புறமாகச் செல்லும் நம் கார்கள் சிறிது இடப்பக்கம் சாய்வது இயல்பே. அதைக் கோளாறு என்று எண்ணிப் பணிமனைக்குச் செல்வோர் பலர். வெவ்வேறு சாலைகளில், இயன்றால் எதிர்ச்சரிவுள்ள தடத்திலும் ஓட்டிப் பார்த்து, எங்கும் ஒரே பக்கம் இழுத்தால் மட்டுமே அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டும்.

எப்போது இழுக்கிறது என்பதே இங்கே முதன்மையான வினா. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் காரணம் பிரேக்கில் இருக்கிறது. எப்போதும் இழுப்பதோடு, சிறிது தூரம் ஓடிய பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட மிகுந்த சூடாக இருந்தால், அந்தப் பக்கப் பிரேக் காலிப்பர் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூட்டை அறிய ரிம்மைத் தொட வேண்டாம். கையை அருகில் கொண்டுசென்றாலே தெரியும். பிரேக்கோடு தொடர்பின்றி எப்போதும் இழுத்து, சூடும் இல்லையானால், முன்னிரு சக்கரங்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என அம்புக்குறி இட்ட டயர்களுக்கு இச்சோதனை பொருந்தாது. மாற்றிய பிறகு இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். பஞ்சர் கடையில் கால் மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனை, வேண்டாத பல செலவுகளைத் தடுத்துவிடும்.

இழுப்பு மாறாமல் இருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்கும் வேளை வந்துவிட்டது. அங்கே வாடிக்கையாளர் தவறாது கேட்டுப் பெற வேண்டியது, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் காட்டும் அச்சுத்தாள். அதில் மூன்று சொற்கள் இருக்கும். டோ என்பது மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவு. கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு. காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானே நேராவதற்கு இது பெரிதும் காரணம். நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களுள் பெரும்பாலானவற்றில் டோவை மட்டுமே திருகித் திருத்த முடியும். மற்ற இரண்டும் அமைப்பிலேயே வகுக்கப்பட்டவை. எனவே கேம்பரோ காஸ்டரோ ஒரு பக்கம் மட்டும் எல்லை மீறிக் காட்டினால், அங்கே ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது புஷ் சிதைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் டோவை மட்டும் திருத்தி அனுப்பினால் டயர் மீண்டும் தேயும். தாளில் சிவப்பாகத் தெரியும் எண்ணைச் சுட்டி, இது ஏன் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

கார் நேராகவே ஓடுகிறது, ஆனால் ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால் அதுவும் டோவின் குறையே. அலைன்மென்ட் செய்துவந்த மறுநாளே அப்படித் தெரிந்தால், ஸ்டியரிங்கை நேராகப் பூட்டாமல் வேலையை முடித்திருக்கின்றனர். திரும்பச் சென்று சரிசெய்து தரக் கேட்கலாம்.

கையில் நடுக்கம்

நடுக்கத்தை அறிய வேகமானியைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரைச் சுற்றித் தொடங்கி, 100-ஐத் தாண்டியதும் குறைந்தால் பெரும்பாலும் பேலன்சிங் குறையே. ரிம்மில் ஒட்டிய சிறு எடைக்கட்டிகளுள் ஒன்று குழியில் அடிபட்டு விழுந்திருக்கும். மழைக்காலத்தில் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த சேறுகூட இந்த நடுக்கத்தைத் தரும்; முதலில் அதைக் கழுவிப் பார்ப்பதில் செலவேதும் இல்லை. நடுக்கம் கையில் தெரிந்தால் முன்சக்கரத்தையும், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரத்தையும் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் இருந்தால், சக்கரத்தை எந்திரத்தில் சுழலவிட்டு ரிம் தள்ளாடுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். அலாய் ரிம்மில் வளைவும் விரிசலும் பெங்களூரில் அரிதல்ல. மெல்லச் செல்லும்போதே கார் நொண்டுவதுபோல் ஏறி இறங்கினால் டயரின் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம். அதை ஒத்திப்போடக் கூடாது. வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அதிர்ந்தால் முன் பிரேக் டிஸ்க்கின் பரப்புச் சீர்கெட்டிருக்கிறது. தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கங்களில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி இறங்கும் பழக்கம் டிஸ்க்குகளை மிகுதியாகச் சூடேற்றி இக்குறையை வளர்க்கிறது.

கனக்கும் ஸ்டியரிங்

மனித வலுவுக்குத் துணையாக எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் பவர் ஸ்டியரிங், விற்பனைக்கு வந்த காரில் முதன்முதலாக 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியலில் பொருத்தப்பட்டது. மின் மோட்டார் அந்தத் துணையைத் தரும் முறையை 1988-இல் சுசூகி தன் செர்வோ காரில் கொண்டுவந்தது. இன்று நாம் ஓட்டும் கார்களுள் மிகப்பல இரண்டாம் வகை. இன்னோவா, பொலேரோ போன்ற சிலவற்றில் எண்ணெய் வகையைக் காணலாம். உங்கள் காரில் எது இருக்கிறது என்று அறியாமல் கோளாறு தேட முடியாது. பானெட்டைத் திறந்தால் பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் கலம் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும்.

எண்ணெய் வகையில் ஸ்டியரிங் கனத்தால் முதலில் எண்ணெயின் மட்டம், பிறகு பம்பைச் சுழற்றும் பெல்ட். திருப்பும்போது முனகல்போன்ற ஓசை எழுந்து, கலத்தில் எண்ணெய் நுரைத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது. எண்ணெய் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. நிரப்பிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் கெட்டுவிடும்.

மின் வகையில் முதல் ஐயம் பேட்டரியின் மீது எழ வேண்டும். கார் நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுக்கிறது. பேட்டரி தளர்ந்திருந்தாலோ அதன் முனைகளில் பூத்திருந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டியரிங் கனத்துவிடும். அதைக் கண்டதும் மோட்டாரே போயிற்று என முடிவுசெய்தல் அவசரம். நெருக்கடியான அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் பலமுறை ஒடித்து ஒடித்துக் காரை நுழைத்த பின் ஸ்டியரிங் கனத்து, சற்று நேரத்தில் தானே சரியாகிவிட்டால், சூடேறிய மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ளத் துணையைக் குறைத்திருக்கிறது. அது அமைப்பின் இயல்பு. அதே நிறுத்துமிடங்களில் எலிகள் மின்கம்பிகளைக் கடிப்பதும் பெங்களூர்க் கார்களுக்கு நேரும் தனித் துன்பம்.

எந்த வகையானாலும் பவர் துணை நின்றுபோன காரைத் திருப்ப முடியாது என்று அஞ்ச வேண்டாம். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். இரு கைகளாலும் வலுவாகத் திருப்பி ஓரத்தில் நிறுத்தலாம். இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து உருளவிடுவோரைத்தான் எண்ணி அஞ்ச வேண்டியிருக்கிறது. பவர் துணையும் பிரேக்கின் துணையும் ஒருசேரப் போய்விடும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டே விழுந்துவிடலாம்.

திருப்பிய ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பாமல் கையால் இழுத்து வர வேண்டியிருந்தால், ஸ்ட்ரட்டின் மேலுள்ள மவுண்ட் பேரிங் இறுகியிருக்கலாம். அல்லது பால் ஜாயிண்ட்டோ, ஸ்டியரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயிண்ட்டோ துருப்பிடித்திருக்கலாம். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர்ப் பகுதியிலும் வெளிவட்டச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலும் கார்கள் நீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். ராக்கின் இரு முனைகளையும் மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால், அப்படிப்பட்ட நீரும் மணலும் உள்ளே புகுந்து ராக்கைத் தின்றுவிடும். உறை மலிவு, ராக் அப்படியன்று. ஒவ்வொரு சர்வீஸிலும் அவ்வுறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டமும் ஓசையும்

பழைய திரைப்படங்களில் நாயகன் நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே ஓட்டுவதைக் கண்டிருப்போம். அன்றைய கார்களின் ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டத்தை எண்ணினால் அதை முழுதும் நடிப்பு என்று சொல்ல முடியாது. இன்றைய காரில் அதற்கு இடமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, காரை நிறுத்திய நிலையில், ஸ்டியரிங்கை மெல்ல இருபுறமும் அசைத்து, முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பொதுவாக இரு விரல் அகலத்திற்குள் இருக்க வேண்டும்; உங்கள் காருக்குரிய அளவு கையேட்டில் இருக்கும்.

ஆட்டம் கூடியிருந்தால் பணிமனையில் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை இடம் வலமாக, கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் பிடித்து அசைப்பர். அப்போது ஆடினால் டை ராட் எண்டு அல்லது ராக்கின் உள் இணைப்பு. மேல் கீழாக, 12, 6 மணி இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இரு நிமிடங்களில் முடியும் சோதனை இது, உடனிருந்து பார்க்கலாம். வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கிய காரின் அடியில் தலையைக் கொடுத்துச் செய்யத்தக்கதன்று.

டை ராட் எண்டைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். விலையில் அது சிறியது. ஆனால் அது கழன்றாலோ முறிந்தாலோ அந்தச் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டைவிட்டு முழுதும் நீங்கிவிடும். 2023 ஜூலையில் மாருதி சுசூகி நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வகைகளில் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை. டை ராட்டின் பாகமொன்றில் இருக்கக்கூடிய குறையே அதற்குக் காரணம். இத்தகைய அழைப்புகளில் சோதனையும் மாற்றமும் கட்டணமின்றிச் செய்யப்படும். பழைய கார் வாங்கியவர்கள், அவ்வண்டிக்கு ஏதேனும் திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்திலோ விற்பனை நிலையத்திலோ கேட்டறியலாம். முந்தைய உரிமையாளரின் முகவரிக்குச் சென்ற கடிதம் உங்களை எட்டியிருக்காது.

ஓசைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். மேடு பள்ளத்தில் டக் டக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட், புஷ், பால் ஜாயிண்ட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். முழுதும் ஒடித்துக் கிளம்பும்போது கடகடவென்றால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சி.வி. ஜாயிண்ட்; அது ஸ்டியரிங்கின் பாகமே அன்று. ஸ்டியரிங்குக்குள்ளேயே உராயும் ஓசை கேட்டு, ஹாரனும் ஒலிக்காமல், ஏர்பேக் விளக்கும் எரிந்தால், உள்ளிருக்கும் சுருள் கம்பி அறுந்திருக்கிறது. ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கைப் பயிற்சி இல்லாதவர் கழற்றக் கூடாது.

திடீரென ஆட்டம் மிகுந்தாலும், திருப்பும் நடுவில் ஸ்டியரிங் சிக்கி நின்றாலும், திருப்பும் ஒவ்வொரு முறையும் அடியில் பலத்த இடி கேட்டாலும் பயணத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். கிருஷ்ணகிரிவரை போய்விடலாம் என்று கணக்கிடும் நேரமன்று அது. இழுவை வண்டியை அழைக்க வேண்டிய நேரம்.

பணிமனையிலும் காப்பீட்டிலும்

பணிமனையில் பாகத்தின் பெயரைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள். 'ராக்கை மாற்றுங்கள்' என்று தொடங்கினால் ராக் மாற்றப்படும். 'மணிக்கு 85 கிலோமீட்டரில் கை நடுங்குகிறது, பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றே, போன வாரம் ஒரு குழியில் இடப்பக்க முன்சக்கரம் இறங்கியது' என்று தொடங்கினால் மெக்கானிக் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டுவது இன்னும் நன்று. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ஜே.சி. சாலைக் கடைகளில் பாகத்தை வாங்கித் தருவோர், டை ராட் எண்டு போன்ற உயிர்காக்கும் பாகங்களில் விலை குறைந்த போலியைத் தவிர்ப்பதோடு, அதை மாற்றியபின் அலைன்மென்ட் மீண்டும் செய்தாக வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முழுக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணுவோர் அதன் விதிகளையும் அறிந்திருத்தல் நலம். தேய்மானமும், இயந்திர, மின் பழுதும் சொந்தச் சேதப் பிரிவில் அடங்கா. ஆகவே நாள்பட்டுத் தளர்ந்த பால் ஜாயிண்ட்டுக்குத் தொகை கிடைக்காது. டயர் மட்டும் சேதமுற்றாலும் கிடைக்காது. விபத்தில் காரும் சேர்ந்து சேதமுற்றால் டயர் மாற்றும் செலவில் பாதி கிடைக்கும். பெரிய குழியில் மோதி லோயர் ஆர்மும் ராக்கும் வளைந்தால் அது விபத்துச் சேதம். உடனே தெரிவித்துக் கோரலாம். ஆனால் அடிபட்ட காரைப் பழுதுபார்க்காமல் தொடர்ந்து ஓட்டியதால் பெருகிய சேதத்திற்கு உரிமையாளரே பொறுப்பு என்று விதி தெளிவாகக் கூறுகிறது. 1500 சிசி வரையிலான காரில் 1000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதில் 2000 ரூபாயும் கட்டாயக் கழிவாக நீங்கள் ஏற்க வேண்டும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் 20 முதல் 50 விழுக்காடு வரையிலான போனசும் ஒரு கோரிக்கையால் போய்விடும். எனவே சிறு செலவைக் கையிலிருந்து செய்துவிடுவதே பலருக்கு இலாபமாக முடிகிறது. கோரும் முன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

பழைய கார் வாங்கக் கடன் கோரி நம் கிளைகளுக்கு வருவோர், விலையைப் பேசும் முன் அந்தக் காரை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் இருபுறமும் முழுதும் ஒடிக்க வேண்டும். நேர்ச்சாலையில் 80 கிலோமீட்டர்வரை சென்று, பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக்கை உறுதியாக மிதிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதா என்று காண வேண்டும். எரியவே இல்லையெனில் விளக்கை யாரோ துண்டித்திருக்கலாம். முன் டயர்கள் இரண்டும் புத்தம் புதியவையாக இருந்தால் மகிழ்வதற்கு முன், பழைய டயர்கள் எப்படித் தேய்ந்திருந்தன என்று விற்பவரைக் கேளுங்கள். ஓர் அலைன்மென்ட் அச்சுத்தாளுக்கு ஆகும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிக் காரை அங்கே கொண்டுவரச் செய்யுங்கள். வர மறுத்தால் வேறு காரைப் பார்க்கலாம்.